பனியன் நனைந்திருந்ததா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. போன மாதம் நள்ளிரவில் நெஞ்சைக் கரிக்கிறது என்றார். வியர்த்துக் கொட்டியது. வாயுதான் என்று ஓமத்தண்ணீர் கொடுத்தோம், ஜெலுசிலும் குடித்தார். கொஞ்சம் கேட்டது. பக்கத்து வீட்டு மாமா, நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரையைக் கொடுக்கச் சொன்னார், பயந்து கொடுக்கவில்லை. மனசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈசிஜி நார்மல் என்றார்கள். அப்புறமும் மூன்று மணி நேரம் படுக்க வைத்து மறுபடி ஈசிஜி, மறுபடி ரத்தம். இதெல்லாம் பில்லை ஏற்றத்தானே?
– வாசகி, பெரம்பூர்

பதில்: இல்லை அம்மா. அப்பாவை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள்.

நெஞ்சு வலி என்று வந்தால் 10 நிமிஷத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஆனால் அது அந்தச் சில நொடிகளின் படம்தான். இதய ரத்தக் குழாயில் அடைப்பு அரைகுறையாக இருந்தால் முதல் ஈசிஜி சுத்தமாகவே வரலாம். ரத்தத்தில் பார்ப்பது டிரோபோனின். இதயத் தசை அடிபட்டால் கசிகிற புரதம் அது. தெரிய சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் இரண்டு தடவை எடுத்து, ஏறுகிறதா என்று பார்க்கிறோம்.

நான் டியூட்டி டாக்டராகச் சேர்ந்த புதிதில் ஓர் ஆட்டோக்காரர் வந்தார். எங்கே வலி என்றேன். விரலால் காட்டவில்லை; உள்ளங்கையை விரித்து நடுநெஞ்சில் வைத்து அழுத்தினார். காக்கிச் சட்டைக்குள் பனியன் பிழியலாம் போல நனைந்திருந்தது. ஈசிஜி நார்மல். கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினேன். விடிகாலை நாலு மணிக்கு ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கையும் பனியனும் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அன்று முதல் யார் வந்தாலும் முதலில் பனியன் நனைந்ததா என்று கேட்கிறேன்.

ஜெலுசில் கேட்டது என்பதால் அது வாயு என்று ஆகாது. இதய வலியும் விட்டு விட்டு வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வை, மூச்சு வாங்கல், வாந்தி என்றும் வரலாம்.

சார்பிட்ரேட் கொடுக்காதது நல்லதாயிற்று. டாக்டர் எழுதித் தராமல் கொடுத்தால் பிரஷர் சட்டென்று இறங்கி ஆள் மயங்கிவிடலாம்.

இன்னொரு முறை வந்தால் ஓமத்தண்ணீருக்கு அடுப்பைப் பற்ற வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மாடி வீடானால் படியிறங்கி நடக்க விடாதீர்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போவதும் வேண்டாம். சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று எடுத்த ஈசிஜி வீட்டில் கவரில் இருக்கும். எங்களுக்குப் பழைய ஈசிஜி தங்கம் மாதிரி. புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது மாறியிருக்கிறது என்று தெரியும். அந்தத் தாள் நாளாக ஆக மங்கிவிடும். இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.