செட்டிநாட்டில் இத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்க, சிலர் ஏன் தெருவில் படுக்கிறார்கள்?

வீடற்றவர் என்றால் கூரையுள்ள இருப்பிடம் இல்லாமல் நடைபாதையிலோ கோயில் வாசலிலோ தங்குபவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம் பேர். காரைக்குடிப் பக்கமும், துணிப்பையைத் தலைக்கு வைத்துச் சாக்கில் சுருண்டிருக்கும் முதியவரைப் பார்க்கலாம்.

மாத வாடகையைக்கூடப் புரட்டிவிடலாம். மொத்தமாகக் கேட்கும் அட்வான்ஸுக்கு எங்கே போவது? அப்புறம் பிள்ளைகள் கைவிடுவது, மனநோய், குடி.

சரி, பூட்டிய வீடுகள்? அவற்றில் பல, தலைமுறை தலைமுறையாகப் பங்காளிகளுக்குப் பொதுவானவை. எல்லோரும் கையெழுத்திட வேண்டிய கூட்டு வங்கிக் கணக்கு மாதிரி, ஒருவர் கையெழுத்து குறைந்தாலும் முழு வீட்டை விற்க முடியாது; வாடகைக்கு விடுவதும் சிக்கல். பங்காளிகளோ சென்னை, சிங்கப்பூர் என்று சிதறியிருக்கிறார்கள். ஆக, வீடு இருந்தும் வாடகைக்கு வராது.

தெருவில் படுப்பவர் எல்லோரும் பிச்சையெடுப்பவர்கள் என்பது தவறு. பகலில் மூட்டை தூக்கியும் ஓட்டலில் பாத்திரம் கழுவியும் பிழைப்பவர்கள் அவர்களில் உண்டு.