சேருவதற்கு முன் ஒரு கேள்வி வேண்டும்

கேள்வி: பதினோரு ஆண்டுகளாகப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். நாடக வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. நான்கு ஆண்டுகளாக ஊடகப் பாடமும் சேர்ந்துகொண்டது. வேலையை விடாமல் பகுதிநேரமாக முதுகலை படிக்க ஆசை. இலக்கிய எம்.ஏ.வா, எம்.எட்.டா, ஆங்கிலம் – நாடகம் – ஊடகம் கற்பித்தலுக்கென்றே உள்ள முதுகலையா என்று குழப்பம். ஆய்வேடு என்றாலே பயம். புள்ளியியல் சுத்தமாக வராது. விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்பதையும் சொல்லுங்கள். — ஒரு வாசகி

பதில்: மூன்று படிப்பும் மூன்று வேறு வேலைக்கானவை. இலக்கிய எம்.ஏ. உங்களை இன்னும் கூர்மையான வாசகியாக்கும். ஆனால் அதே கதையை முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் வைத்தால் என்ன ஆகிறது என்ற கேள்விக்கு அங்கே இடமிருக்காது. எம்.எட். பாடத்திட்டம், மதிப்பீடு, நிர்வாகம், கல்விக் கொள்கை என்று அகலமாகப் போகும்; நிர்வாகப் பக்கம் நகர நினைப்பவர்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். உங்கள் கடிதத்துக்கு மூன்றாவதுதான் நெருக்கம். ஆனாலும் பெயரைப் பார்த்து மட்டும் சேர்ந்துவிடாதீர்கள். தலைப்பில் மூன்று பாடமும் இருக்கும். உள்ளே போனால் நாடகத்துக்கு ஒரே ஒரு விருப்பத்தாள், அதுவும் போதிய ஆள் சேராவிட்டால் அந்த ஆண்டு நடக்காது.

அதனால் துறைக்கு எழுதி நேராகக் கேளுங்கள். நாடகத் தாளைக் கூடத்தில் செய்துகாட்டி நடத்துகிறார்களா, நாற்காலியில் உட்கார்ந்து கட்டுரை வாசித்தே முடிக்கிறார்களா? ஊடகத் தாளில் நீங்களே எடுத்துத் தொகுத்த குறும்படத்தை, விளக்கக் கட்டுரையோடு மதிப்பீட்டுக்குக் கொடுக்கலாமா? ஆய்வேட்டுக்குச் சொந்த வகுப்பறையையே களமாக எடுத்துக்கொள்ள அனுமதி உண்டா? நெறியாளர் எத்தனை முறை சந்திப்பார், எத்தனை பக்க வரைவைப் படித்துத் தருவார்? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம்.

நேரக் கணக்கைச் சேரும் முன்பே போட்டுவிடுங்கள். பிரிட்டிஷ் முறையில் ஒரு முதுகலை 180 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு. ஆக 1800 மணி. இரண்டு ஆண்டில் முடிக்க நினைத்தால் வாரத்துக்குப் பதினேழு, பதினெட்டு மணி. மூன்று ஆண்டென்றால் பன்னிரண்டு. ஐரோப்பியக் கிரெடிட் கணக்கு வேறு. அங்கே ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி. விளம்பரத்தில் 'வாரம் ஒரு மாலை மட்டும்' என்று இருந்தால் அது வகுப்பு நேரம்தான். வாசிப்பும் எழுத்தும் அதில் சேராது. முழுநேர ஆசிரியருக்கு மூன்று ஆண்டுதான் நடக்கிற காரியம். இன்னொன்று: ஆசிரியப் பயிற்சியின்போது முதுகலைத் தரத்தில் கிரெடிட் வாங்கியிருந்தால் (பிரிட்டிஷ் முறையில் பெரும்பாலும் 60) அதைக் கழித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் அதற்குக் காலாவதி உண்டு. பதினோரு ஆண்டு பழைய கிரெடிட் செல்லாமல் போகலாம். நடுவில் நிறுத்த நேர்ந்தால் 60 கிரெடிட்டில் சான்றிதழ், 120இல் பட்டயம் என்று கையில் ஏதாவது கிடைக்குமா என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இனி ஆய்வேடு. உங்கள் பயம் தவறான இடத்தில் இருக்கிறது. இந்தத் துறையில் ஆசிரியர்கள் செய்யும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வகுப்பை நெருக்கமாகப் பார்ப்பவை. புள்ளியியல் தேவைப்படுவது அபூர்வம். ஆசிரியரே தன் வகுப்பின் ஆய்வாளராக இருக்கலாம் என்பதை பிரிட்டிஷ் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இலேயே வலியுறுத்திவிட்டார். இன்று அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. பலரும் தடுக்கி விழுவது கேள்வியில்தான்.

'நாடகம் மாணவர்களின் ஆங்கிலத்தை மேம்படுத்துமா?' என்று தொடங்குவார்கள். இதற்குப் பதில் சொல்ல, நாடகம் செய்த வகுப்பு, செய்யாத வகுப்பு, முன்தேர்வு, பின்தேர்வு எல்லாம் வேண்டும். அப்படியும் மாற்றம் நாடகத்தால் வந்ததா, புதுமையால் வந்ததா, உங்கள் உற்சாகத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஆறு வாரமும் ஒரு வகுப்பும் இதைத் தாங்காது. இதையே இப்படிச் சுருக்கிப் பாருங்கள்: 'ஒரு பாத்திரமாக நாற்காலியில் உட்கார்ந்து வகுப்பின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஐந்து மாணவர்கள், பிறகு அந்தப் பாத்திரத்தைப் பற்றி எழுதும்போது கதையிலிருந்து என்ன சான்றை எடுக்கிறார்கள்? நாற்காலியில் சொன்னது எழுத்துக்குள் எங்கே வருகிறது, எங்கே காணாமல் போகிறது?' இதற்கு உங்களிடம் சான்று இருக்கும். ஒலிப்பதிவும் ஐந்து நோட்டுப் புத்தகங்களும் போதும். ஊடக வகுப்புக்கும் அப்படித்தான்: 'எடிட்டிங்கில் படைப்பாற்றல்' என்பது கேள்வியே அல்ல. 'இரண்டு பேர் ஒரு கணினியில் உட்கார்ந்து தொகுக்கும்போது எந்த இடத்தில் வெட்டுவது என்பதை எப்படி வாதாடி முடிவுசெய்கிறார்கள்?' என்பது கேள்வி.

ஆங்கிலக் கட்டுரையை ஆராய்பவருக்கு இல்லாத ஒரு சங்கடம் உங்களுக்கு உண்டு. கட்டுரை தாளில் கிடக்கும். நாடகம் மணி அடித்ததும் போய்விடும். படத்தொகுப்பில் கடைசிப் பிரதிதான் மிஞ்சும், அதற்கு வந்த வழி மிஞ்சாது. ஆகவே எதை, எப்படிப் பிடித்துவைப்பது என்பதில்தான் இந்த ஆய்வுகளின் பாதி உயிர்.

நாடக வகுப்பில் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு துரத்தாதீர்கள். மாணவர்கள் கேமராவுக்கு நடிக்கத் தொடங்குவார்கள், நீங்களும் பாடம் நடத்த முடியாது. ஒரு மூலையில் முக்காலியில் நிறுத்தி, கூடம் முழுவதும் தெரியும்படி வைத்து, மறந்துவிடுங்கள். கூடத்தில் ஒலி எதிரொலிக்கும். கேமரா ஒலியை நம்பினால் இரைச்சல்தான் கிடைக்கும். நீங்கள் கவனிக்கப்போகும் ஒரே குழுவின் நடுவே தனி ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வையுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால் பிறகு ஒலியையும் படத்தையும் பொருத்துவது சுலபம். முதல் இரண்டு வகுப்புப் பதிவைப் பயன்படுத்த வேண்டாம்; கருவி பழகும் வரை யாரும் இயல்பாக இருக்க மாட்டார்கள். அன்றைய குறிப்பை அன்றைக்கே எழுதுங்கள். பிரிட்டிஷ் நாடகக் கல்வியாளர் டாரத்தி ஹீத்கோட் வளர்த்தெடுத்த முறையில் ஆசிரியரும் ஒரு பாத்திரமாக உள்ளே இறங்குவதாக இருந்தால் இது இன்னும் அவசியம்: எந்த நொடியில் பாத்திரத்தை விட்டு ஆசிரியராக வெளியே வந்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்பது பதிவில் தெரியாது, உங்களுக்கு மட்டுமே தெரியும்.

ஊடக வகுப்பில் ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் தொகுப்புக் கோப்பைத் தேதியிட்ட புதுப் பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள். அதே பெயரில் சேமித்தால் நேற்றைய முடிவு அழிந்துபோகும்; மூன்றாம் வாரத்தில் அவர்கள் தூக்கியெறிந்த காட்சிதான் உங்களுக்கு வேண்டிய சான்றாக இருந்து தொலைக்கும். திரைப்பதிவு மென்பொருளை ஓடவிட்டு, பக்கத்தில் பேசுவதையும் சேர்த்துப் பதிந்தால் கையும் வாயும் ஒன்றாகக் கிடைக்கும்.

பிறகு எழுத்தாக்குவது. ஒருவர் தெளிவாகப் பேசும் ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்கவே நான்கு முதல் ஆறு மணி ஆகும். நால்வர் ஒருவர் மேல் ஒருவர் பேசும் குழுப் பேச்சுக்கு அதைப்போல இருமடங்கு எதிர்பாருங்கள். தானியங்கி மென்பொருள் அந்த இடத்தில்தான் கைவிடும். தவிர, பிள்ளைகளின் குரலை வெளிச் சேவை ஒன்றில் ஏற்ற, பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு தரும் அனுமதியும் வேண்டும். பன்னிரண்டு மணி நேரப் பதிவைக் குவித்துவைத்து விடுமுறை முழுக்க அழுதுகொண்டிருப்பதைவிட, எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து, கேள்விக்கு நேராக நிற்கும் மூன்று துண்டுகளை எடுங்கள். ஒவ்வொன்றும் மூன்று முதல் ஐந்து நிமிடம். அவற்றை மட்டும் நான்கு நெடுவரிசை கொண்ட அட்டவணையில் எழுதுங்கள்: நேரம், பேச்சு, உடலும் பார்வையும், இடமும் பொருளும். பேச்சு மட்டும் எழுதினால் '2:14 – மௌனம்' என்று வரும். நான்கு நெடுவரிசையில் எழுதினால், அம்மாவாக நிற்கும் பெண் கையிலிருக்கும் கடிதத்தை முதுகுக்குப் பின் கொண்டுபோகிறாள், மற்ற இருவரும் சிரிப்பை நிறுத்துகிறார்கள் என்று வரும். ஆய்வுக்கு வேண்டியது அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. குழுவில் பிள்ளைகள் தாய்மொழிக்கு மாறினால் அதை அப்படியே எழுதி, கீழே மொழிபெயர்ப்புக் கொடுங்கள். திருத்தி ஆங்கிலமாக்குவது சான்றைக் கெடுப்பது.

நெறிமுறை அனுமதியை வெறும் படிவம் என்று நினைத்துக் கடைசிவரை தள்ளிப்போடுபவர்கள் ஒரு பருவத்தையே இழப்பார்கள். நெறிமுறைக் குழு பதில் சொல்லப் பல வாரம் ஆகலாம். அனுமதிக்கு முன் எடுத்த பதிவைப் பயன்படுத்த முடியாது. பள்ளி, பெற்றோர், பிள்ளைகள் மூவரிடமும் சம்மதம் வேண்டும். இங்கே உங்கள் சிக்கல் நுட்பமானது: மதிப்பெண் போடுபவரும் நீங்கள்தான், சம்மதம் கேட்பவரும் நீங்கள்தான். பிள்ளைகளுக்கு மறுக்க வாய் வராது. ஆகவே படிவத்தை வேறொரு ஆசிரியர் கொடுத்து வாங்கட்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், மதிப்பெண்ணைத் தொடாது என்று அதிலேயே எளிய வார்த்தையில் இருக்கட்டும். மறுத்த பிள்ளையைப் பாடத்திலிருந்து ஒதுக்கக் கூடாது. கேமரா எட்டாத பக்கத்துக் குழுவில் அதே பாடத்தைச் செய்யட்டும். பள்ளியின் பெயரை மாற்றி எழுதுவீர்கள், ஆனால் அட்டையில் உங்கள் பெயர் இருக்கும். உங்கள் பெயரை இணையத்தில் தேடினால் பள்ளி வந்துவிடும். 'யாராலும் அடையாளம் காண முடியாது' என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். மாணவர்களின் குறும்படத்தில் முகம் இருக்கும். ஆய்வேட்டில் நிழற்படத்துக்குப் பதில் கோட்டோவியமாக வரைந்து போடுவது ஒரு நல்ல வழி. சொந்தக் கைபேசியில் பதியாதீர்கள். பதிவுகளை எந்தத் தேதியில் அழிப்பீர்கள் என்பதும் படிவத்தில் எழுதியிருக்க வேண்டும்.

பதிவெடுக்கும் காலத்தைப் பள்ளி நாட்காட்டியைப் பார்த்துக் குறியுங்கள். தேர்வுப் பருவமும் ஆண்டு விழா நாடகக் காலமும் ஆகாது.

வாசிப்பைப் பற்றிச் சுருக்கமாக. கோட்பாடு ஒன்றுக்கு மேல் தேவைப்படும், ஆனால் ஐந்து வேண்டாம். நாடகமும் கற்பனையும் என்றால் சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி தவிர்க்க முடியாதவர். குழுப் பேச்சு என்றால் வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்த பிரிட்டிஷ் கல்வியாளர் டக்ளஸ் பார்ன்ஸ். பிள்ளைகள் தயங்கித் தயங்கி, பாதி வாக்கியத்தில் யோசித்துப் பேசுவதற்கு அவர் கொடுத்த மதிப்பு உங்கள் மூன்று துண்டையும் வேறு கண்ணால் பார்க்கவைக்கும். ஊடகக் கல்வி எங்கே தொடங்கியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 1930களில் பிரிட்டனில் அது விளம்பரத்திடமிருந்தும் மலிவு இதழ்களிடமிருந்தும் பிள்ளைகளைக் காப்பாற்றும் தடுப்பூசியாகத்தான் எழுந்தது. பிள்ளைகளே படைப்பவர்கள் என்ற பார்வை வர வெகுகாலம் பிடித்தது. பழைய பார்வை பாடப் புத்தகங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் வகுப்பிலும் இருக்கிறதா என்று பார்ப்பதே ஒரு தாளுக்கான கட்டுரை. ஒவ்வொரு கட்டுரை வாசித்ததும் மூன்று வரி எழுதுங்கள்: என்ன சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், என் வகுப்பில் இது எங்கே பொருந்தவில்லை. மூன்றாவது வரிகளைச் சேர்த்தால் முந்தைய ஆய்வுகள் பற்றிய அத்தியாயம் பாதி முடிந்திருக்கும்.

எழுதும்போது ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, பாடம் வெற்றி என்று நிரூபிக்கப் பார்ப்பது. 'மாணவர்கள் மிகுந்த ஆர்வத்துடன் பங்கேற்றனர்' என்ற வாக்கியம் வந்தால் அடித்துவிட்டு, எந்த மாணவர், எந்த நிமிடத்தில், என்ன செய்தார் என்று எழுதுங்கள். சொதப்பிய வகுப்பையும் வையுங்கள். தேர்வாளர் ஊன்றிப் படிப்பது அதைத்தான். 'நான்' என்று எழுதலாமா என்று பலர் தயங்குவார்கள். எழுதலாம்; பாடம் நடத்தியதும் நீங்கள், பார்த்ததும் நீங்கள். 'ஆய்வாளரால் கவனிக்கப்பட்டது' என்று எழுதினால் அந்த இரட்டை வேடத்தின் சிக்கலே மறைந்துவிடும்.

விண்ணப்பக் கடிதம் பெரும்பாலும் ஒரு பக்கம்தான். சிறுவயதிலிருந்தே மேடை ஆசை என்று தொடங்காதீர்கள். அவர்கள் கையில் இருக்கும் கடிதங்களில் பாதி அப்படித்தான் தொடங்கும். முதல் பத்தியில் உங்கள் வகுப்பில் நடந்த, உங்களுக்கே விளங்காத ஒன்றை ஐந்தாறு வரியில் எழுதுங்கள். வகுப்பில் பேச வாய் திறக்காத பையன் பாத்திரமாக நின்றதும் ஏன் வாதாடினான் என்பது போன்ற ஒன்று. இரண்டாம் பத்தியில் அதைப் பற்றி இதுவரை நீங்கள் வாசித்த ஒன்றிரண்டு கட்டுரைகள், அவை எட்டாத இடம். மூன்றாவதில் அந்தத் துறையில் எந்தத் தாள், யாருடைய ஆய்வு உங்களுக்கு உதவும் என்பது. பேராசிரியர் ஓய்வுபெற்றுவிட்டாரா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கடைசி இரண்டு வரியில் நேரத்தை எப்படி ஒதுக்கப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதம் தருபவரில் ஒருவராவது உங்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தவராக இருக்கட்டும். அவரிடம் கேட்கும்போதே இந்த ஒரு பக்கத்தையும் கொடுத்துவிடுங்கள்.