விறைத்த மீனும் விறைத்த சேவலும்

அன்பின் அக்காவுக்கு,

நிலாவெளியில் இருந்து எழுதுகிறேன். அடைவைத்துப் பொரித்த குஞ்சுகளில் மூன்று சேவலாகப் போய்விட்டன. ஒரு வயதாகிறது. ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்தத் தொடங்கியதால் ஞாயிறு காலை ஒன்றை நாங்களே அறுத்தோம். முற்றமெல்லாம் துரத்தித்தான் பிடித்தோம். எட்டு மணிக்கு அறுத்து, பத்தரைக்கு அடுப்பில் வைத்து, குக்கரில் எட்டு விசில் விட்டும் இறைச்சி றப்பர் மாதிரி. தோல் கிழிந்துபோனது, சில துண்டு கசந்தது. மாமா தூள் சரியில்லை என்கிறார். இவர் இனம் சரியில்லை என்கிறார். எந்தத் தூள் போட்டால் நல்லது? கையால் தீனி போட்டு வளர்த்ததை அறுத்தது பாவமோ என்றும் மனம் கிடந்து அடிக்கிறது. பெயர் போட வேண்டாம்.

*

அன்பின் தங்கச்சி,

தூளில் ஒரு பிழையும் இல்லை. வீட்டில் வறுத்து இடித்த தூள் எதுவும் போதும். இனத்திலும் பிழை இல்லை. மாமாவும் இவரும் ஆளுக்கொரு குற்றவாளியைப் பிடித்துத் தந்திருக்கிறார்கள். உண்மையான ஆள் உங்கள் கடிதத்திலேயே, எட்டு மணிக்கும் பத்தரைக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறார். கொஞ்ச நாளாக எழுத நினைத்துக்கொண்டிருந்ததும் அந்த ஆளைப் பற்றித்தான்.

முதலில் மனம் அடிப்பதைப் பற்றி. கை நடுங்கியிருந்தால் நல்லது, நடுங்காத கைதான் எனக்குப் பயம். பாவபுண்ணியத்தைத் தீர்த்துவைக்க நான் ஆளில்லை. ஆனால் மொட்டைக் கத்தியோடு போவதும், முற்றமெல்லாம் துரத்திப் பிடிப்பதும் பிழை. இதற்கு நீங்கள் ஏச்சு வாங்கத்தான் வேண்டும். சேவலை முதல் நாள் இரவே கூட்டில் அடைத்துவிட்டால் துரத்தவே தேவையில்லை. அறுப்பதற்கு எட்டிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு முன் தீனியை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம். தலைகீழாகப் பிடித்து, தலை வெளியே வரும்படி அடி வெட்டிய பிளாஸ்டிக் கானுக்குள் இறக்கினால் செட்டையடிக்காது. தாடைக்குச் சற்றுக் கீழே கழுத்தின் இரண்டு பக்கமும் ஓடுகிற இரத்தக்குழாய்களை ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். இரண்டு நிமிடத்தில் இரத்தம் வடிந்துவிடும். இடையில் வரும் உதறல் நரம்பின் உதறல், அதைப் பார்த்து அழாதீர்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் சிநேகிதர்களுக்கும் சாப்பாடு வைப்பதானால் அறுப்பதை அவர்களில் ஒருவரிடமே விடுங்கள்.

தோல் கிழிந்தது, இறகு பிடுங்கத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றியதால். வேண்டியது 60 முதல் 65 பாகை. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் அள்ளிக் குளிக்கிற சூட்டை விட அதிகம், தேநீர்ச் சூட்டை விடக் குறைவு. வெப்பமானி தேவையில்லை: கொதிநீர் ஒரு பங்கு, கிணற்று நீர் ஒரு பங்கு. காலைப் பிடித்து ஒரு நிமிடம் அமிழ்த்தி, செட்டையின் பெரிய இறகை இழுத்துப் பாருங்கள். சிக்காமல் வந்தால் எடுத்துவிடலாம். மிஞ்சுகிற பூமயிரைக் காய்ந்த தென்னோலைத் தீயில் வாட்டி, மஞ்சள் பூசித் தேய்த்துக் கழுவுங்கள்.

கசப்பு பித்தப்பை உடைந்ததால். ஈரலோடு ஒட்டிக்கொண்டு கடும் பச்சையாக இருக்கும். அதை இழுக்காதீர்கள், ஈரலில் ஒரு சிறு துண்டு போனாலும் பரவாயில்லை என்று சேர்த்தே வெட்டியெடுங்கள். பச்சை பட்ட இறைச்சியைச் சீவி எறியுங்கள். வாலடிக்கு மேல் மஞ்சளாகத் திரண்டிருக்கிற எண்ணெய்ச் சுரப்பியையும் எடுத்துவிடுங்கள், அதன் வாடை கறியில் ஏறும். முதுகெலும்போடு ஒட்டி, பெரிய அவரைவிதை மாதிரி வெள்ளையாக இரண்டு இருந்திருக்குமே? அது கட்டியோ நோயோ இல்லை, சேவலின் விதைதான். முதல் தடவை அறுக்கிறவர்கள் பயந்து முழுக்கோழியையும் புதைத்துவிடுவதுண்டு.

இனி அந்த இரண்டரை மணித்தியாலம்.

நாம் திருகோணமலைக்காரர். நல்லது கெட்டதை மீன் சந்தையில் படித்தவர்கள். பாரையைத் தூக்கிப் பார்ப்போம், வளையாமல் கட்டை மாதிரி நின்றால் 'இப்ப வந்த மீன்' என்று பேசாமல் காசைக் கொடுப்போம். அந்தக் கணக்கை அப்படியே கோழிக்கும் வைத்துக்கொண்டோம்: அறுத்த கையோடு சட்டியில் போட்டால்தான் ருசி என்று. விறைத்த மீன் நல்ல மீன்தான். விறைத்த சேவலைச் சமைத்தால் றப்பர். மீனின் தசை குட்டை நார், அதைக் கட்டியிருக்கிற சவ்வும் மெல்லியது, கொஞ்சச் சூட்டிலேயே கரையும். ஒரு வருடம் ஓடி, பறந்து, சண்டை பிடித்த சேவலின் தொடை அப்படியில்லை.

உயிர் போன பிறகு தசைநார்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்கின்றன. பூட்டைத் திறக்கிற சக்தி தீர்ந்துபோவதால் உடம்பு விறைக்கிறது. துரத்திப் பிடித்த கோழிக்கு அந்தச் சக்தி முன்பே செலவாகிவிடும், இன்னும் சீக்கிரம் விறைக்கும். பிறகு தசைக்குள் இருக்கும் நொதியங்களே மெல்ல மெல்ல நாரை அறுத்துத் தளர்த்தும். அதற்கு நேரம் வேண்டும். நீங்கள் பத்தரைக்குச் சட்டியில் போட்டது பூட்டு நன்றாக இறுகியிருந்த இறைச்சி. எட்டு விசில் இல்லை, பதினெட்டு விசில் விட்டாலும் சவ்வு கரையும், பூட்டிய நார் அப்படியே சுருண்டு கிடக்கும். சவ்வின் முறுக்கு ஒன்று, நாரின் முறுக்கு வேறொன்று. முதலாவதற்கு அடுப்பு, இரண்டாவதற்குக் காத்திருப்பு. இதை எத்தனை தடவை சொன்னாலும் 'எங்கட அம்மா உடனேதான் வைப்பா' என்று பதில் வரும். அம்மா வைத்தது பெரும்பாலும் நாலைந்து மாதக் குஞ்சுச் சேவல், தங்கச்சி. நெஞ்செலும்பின் நுனியை அழுத்திப் பாருங்கள். வளைந்தால் இளசு. எலும்பாக இறுகி, கால்முள்ளும் நீண்டிருந்தால் அம்மா கணக்கு செல்லாது.

காத்திருப்பென்றால் நம் வெயிலில் வெளியே வைப்பதில்லை. கழுவியதும் மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, றெஜிபோம் பெட்டியில் பாதி ஐஸ் பாதி தண்ணீர் விட்டு முழுக்கோழியையும் அமிழ்த்துங்கள். இரண்டு மணித்தியாலத்தில் எடுத்து, நீர் வடியவிட்டு, மூடி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். குளிர் 4 பாகைக்கு மேல் போகக்கூடாது. இளசுக்கு ஒரு நாள், ஒரு வயதுக்கு இரண்டு நாள். காலைப் பிடித்து ஆட்டினால் துணி மாதிரித் தொங்க வேண்டும். விறைப்பு விடுவதற்கு முன் பிரீசரில் போட்டால் பூட்டோடு உறைந்துவிடும், கரைந்து வரும்போதும் அந்த முறுக்கு இருக்கும்.

சமையல் சுருக்கமாக. ஒன்றரைக் கிலோ இறைச்சிக்கு உப்பு மூன்று தேக்கரண்டி, தூள் மூன்று மேசைக்கரண்டி. வெங்காயம், இஞ்சி, உள்ளி, ரம்பை, கறிவேப்பிலை வழமை போல. கால், தொடை, முதுகு முதலில் கப்பிப்பாலில், அதாவது தேங்காயின் இரண்டாம் பாலில், போகட்டும். நெஞ்சுத் துண்டுகளை முக்கால் மணித்தியாலம் இருக்கும்போது சேருங்கள், இல்லாவிட்டால் பஞ்சாகிவிடும். தீப்பெட்டி அளவு பச்சைப் பப்பாசித் துண்டு ஒன்று உதவும், இரண்டு போட்டால் மேற்பக்கம் கூழாகும். மூடி, குமிழி ஒவ்வொன்றாக வருகிற தீயில் இரண்டு, இரண்டரை மணித்தியாலம். கால் நுனியில் தசை எலும்பை விட்டு மேலே ஏறினால் வெந்துவிட்டது. தலைப்பால் ஒரு கோப்பை கடைசியில் விட்டு, கொதி எழும்ப முன் இறக்குங்கள். குக்கர்தான் வேண்டுமென்றால் முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 25 நிமிடம் மணிக்கூட்டைப் பாருங்கள். விசில் எண்ணுவது அளவே இல்லை, அது அடுப்பையும் றப்பர் வளையத்தையும் பொறுத்தது.

மீதி இரண்டுக்கும் நாள் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லையென்றால் அது இறைச்சிக்கு வாய்த்த ஓய்வுநாள். புதன் இரவு கூட்டில் அடைத்து, வியாழன் காலை ஆறு மணியோடு தீனியை நிறுத்தி, பின்னேரம் நாலு மணிக்கு அறுங்கள். வெள்ளி முழுக்க யாரும் பிரிட்ஜைத் தொடமாட்டார்கள். சனி பின்னேரம் அடுப்பேற்றினால் இராச்சாப்பாட்டுக்குக் கறி. கால்முள் நீண்டதென்றால் ஞாயிறு மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாமா வியாழன் இரவே கேட்பார். ஈரலை மிளகு போட்டுப் பொரித்துக் கொடுங்கள். ஈரலுக்கு விறைப்பு இல்லை.