வானக் கேமராவின் பெட்டியை இறுக அடைக்கலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், இரவு வானத்தைப் படமெடுக்க மீன்கண் லென்ஸ் கேமரா ஒன்றை பிவிசி பெட்டிக்குள் வைத்து, மேலே அக்ரிலிக் டோம் ஒட்டி, சுற்றிலும் சிலிகான் பூசியிருக்கிறேன். ஆனாலும் நள்ளிரவுக்குப் பின் டோமின் உட்புறம் ஆவி படிகிறது. மழைக்கு மறுநாள் பெட்டியின் அடியில் தண்ணீர் நிற்கிறது. ஐபி67 (தூசும் நீரும் புகாது என்பதற்கான தரக்குறியீடு) பெட்டி வாங்கச் சொல்கிறார் சிசிடிவி பொருத்துபவர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அடியில் தண்ணீர் நிற்பது, எல்லாப் பக்கமும் அடைத்து வைத்ததால் வந்த தொல்லை; இன்னும் இறுக்கமான பெட்டி அதைத் தீர்க்காது.

வெயிலில் 60 டிகிரிக்குச் சூடேறிய பெட்டியின் மேல் திடீரென மழை கொட்டினால், உள்ளே இருக்கும் காற்று விரைவில் 27 டிகிரிக்கு இறங்கி, அதன் அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. 1 மீட்டர் தண்ணீருக்கு அடியில் வைத்ததற்குச் சமமான இழுவை மூடியின் ரப்பர் மேல் விழுந்து, விளிம்பில் நிற்கும் மழைநீரை உள்ளே உறிஞ்சுகிறது. ஐபி67 சோதனையும் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம்தான். அதுவும் புதுப் பெட்டியை, அதன் வெப்பநிலைக்கு நெருக்கமான தண்ணீரில் அமிழ்த்திப் பார்ப்பது. நம் ஊர்க் கோடையில் விறைத்துப்போன ரப்பருக்கு அந்த எண் உத்தரவாதம் ஆகாது. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சோதனை அறிக்கையைக் கேட்டால் பொருத்துபவர் கடைக்காரரைக் காட்டுவார், கடைக்காரர் மொத்த வியாபாரியைக் காட்டுவார். கேட்பாரற்ற இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் தம் கமிஷனை எடுத்துக்கொள்ள, நனைவது உங்கள் கேமரா. பழைய சிசிடிவி டோமை மலிவாகத் தருகிறேன் என்றாலும் ஏமாறாதீர்கள். அவற்றில் பல புகைநிறம் ஏற்றியவை, மங்கலான விண்மீன்களை விழுங்கிவிடும்.

உள்ளும் வெளியும் அழுத்தம் சமமாகவும், புகுந்த நீர் வடியவும், பெட்டியின் அடிப்பக்கத்தில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டு, எறும்பு நுழையாதபடி மெல்லிய எவர்சில்வர் வலையை ஒட்டுங்கள். கேபிளும் அடியிலிருந்தே நுழையட்டும். நுழைவதற்கு முன் அது ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறினால், வழிந்துவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஆவி படிவதற்குக் காரணம் வேறு. தெளிந்த இரவில் டோம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. ரிச்சி தெருவில் 12 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் நான்கு வாங்கி, தொடராக இணைத்து, லென்ஸைச் சுற்றி டோமுக்குக் கீழே வளையமாக வையுங்கள்; பிளாஸ்டிக்கைத் தொடக் கூடாது. 12 வோல்ட்டில் மொத்தம் 3 வாட் வெப்பம் கிடைக்கும். டோம் பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மேலே நிற்க, சிறிய டோமுக்கு அது பெரும்பாலும் போதும். அடாப்டர் வீட்டுக்குள் இருக்கட்டும், 230 வோல்ட் மாடிக்கு வர வேண்டாம். ஆவியைத் தடுக்க, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நம்பாதீர்கள்.

துளை போடும் யோசனை கடலோர வீடுகளுக்கு அப்படியே பொருந்தாது. எண்ணூரிலும் திருவான்மியூரிலும் காற்றோடு வரும் உப்பு சர்க்யூட் போர்டில் படியும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் (சென்னையில் பல இரவுகளில் தாண்டும்) அந்த உப்பு தானே நீரை இழுத்துக் கரைசலாகி, மின்சாரம் தப்பான வழியில் ஓடும். ஆகவே அங்கே திறந்த துளைக்குப் பதில், காற்றை விட்டு நீர்த்துளியைத் தடுக்கும் டெஃப்ளான் சவ்வு பொருத்திய காற்றுத் திருகைப் போட வேண்டும். கடல் எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து இதை முடிவு செய்ய முடியாது; இடையில் அடுக்குமாடி இருக்கிறதா, மாடி எந்தத் திசையில் திறந்திருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்தது அது. ஜன்னல் கம்பி ஆண்டுதோறும் துருப்பிடித்து பெயின்ட் கேட்டால், உங்கள் வீடும் இந்தக் கணக்கில் சேரும்.

மறுபடி ஒட்டும்போது, காடி நெடி அடிக்கும் சிலிகானைத் தவிருங்கள், அதன் ஆவி செம்பை அரிக்கும். நியூட்ரல் சிலிகானைக் கேட்டு வாங்கிப் பூசி, ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகே கேமராவை உள்ளே வையுங்கள்.