டாக்டரிடம் கேளுங்கள்: வசதி குறைந்தால் ஆன்டிபயாடிக் கூடுமா?

கேள்வி: என் கணவர் தினச் சம்பளத்துக்கு லாரி ஓட்டுகிறார். கோலாலம்பூர் செந்தூலில் பிபிஆர் வீட்டில், அதாவது குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசாங்க அடுக்குமாடியில் இருக்கிறோம். மூன்று வயது மகனுக்குச் சளிக்காய்ச்சல் என்று பக்கத்து கிளினிக்குக்குப் போனால், ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் பாட்டில் தருகிறார்கள். வசதியானவர்கள் வாழும் பங்சாரில் இருக்கும் என் நாத்தனார் பிள்ளைக்கு அதே சளிதான். அங்கே டாக்டர், "மூன்று நாள் பார்ப்போம்" என்று அனுப்பிவிடுகிறார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மருந்தும் வேறா?

பதில்: நோய் ஒன்றுதான், டாக்டரின் கணக்குதான் மாறுகிறது. சாதாரண சளிக்குக் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது, இது எந்த டாக்டருக்கும் தெரியும். ஆனால் நாளைக்குக் காய்ச்சல் ஏறினால் இந்த அம்மா திரும்ப வருவாரா என்று அவர் யோசிக்கிறார். இன்னொரு கிளினிக் செலவு, கணவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். வரமாட்டார் என்று தோன்றினால், எதற்கும் இருக்கட்டும் என்று எழுதிவிடுகிறார். உங்கள் நாத்தனாருக்கு நினைத்தபோது திரும்பி வரும் வசதி இருக்கிறது, அதனால் அங்கே காத்திருக்கச் சொல்ல முடிகிறது. நம் மலேசியாவில் தனியார் கிளினிக்கே மருந்தையும் கொடுப்பதால், வெறுங்கையோடு அனுப்பினால் கொடுத்த காசு வீண் என்று நினைப்பார்களோ என்ற தயக்கமும் சேர்கிறது. இங்கிலாந்திலும் பின்தங்கிய வட்டாரங்களில்தான் ஆன்டிபயாடிக் அதிகம் எழுதப்படுகிறது. அங்கே புகைப்பழக்கமும் நாள்பட்ட நோய்களும் கூடுதல் என்பது அதற்கு ஒரு பகுதிக் காரணம்தான்.

அதற்காக, மருந்தே வேண்டாம் என்று மறுத்துவிடாதீர்கள். நெரிசலான வீட்டில் ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைத் தொற்று எளிதில் பரவும். அதைக் கவனிக்காமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கக்கூடும். அங்கே ஆன்டிபயாடிக் வேண்டும், சொன்ன நாள் முழுக்கக் கொடுக்கவும் வேண்டும்.

அடுத்த முறை இப்படிக் கேளுங்கள்: "இது பாக்டீரியாதானா டாக்டர்? இப்போது கொடுக்காவிட்டால், எதைப் பார்த்து, எத்தனை நாளில் திரும்ப வரணும்?" கட்டாயம் வருவேன் என்றும் சொல்லிவிடுங்கள். டாக்டரின் முடிவு அந்த ஒரு வார்த்தையில் மாறலாம். குடிமக்களுக்கு கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் 1 ரிங்கிட்தான், மறுபரிசோதனைக்கு அங்கே போகலாம்.

வீட்டில் பார்க்க வேண்டியது மூச்சு. பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கைப்பேசியில் முழுதாக ஒரு நிமிடம் வைத்து, வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு, அன்றே காட்டுங்கள். 2 மாதம் முதல் 1 வயது வரை இந்தக் கணக்கு 50. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், குடிக்க மறுத்தால், எழுப்பியும் துவண்டு கிடந்தால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். இவை எதுவும் இல்லாமல் இருமல் மட்டும் மூன்று வாரம் இழுப்பது உண்டு. அதற்காக இன்னொரு பாட்டில் வாங்க வேண்டாம். கலக்கிய சிரப்பை லேபிளில் சொன்னபடி வைத்திருங்கள். பெரும்பாலும் 7 அல்லது 14 நாள்தான் தாங்கும். மீதியைத் தங்கைக்கு ஊற்றாதீர்கள்.

கேள்வி: நான் வெளிநாட்டுத் தொழிலாளி, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் சாப்பாட்டுக் கடையில் வேலை. ஊரிலிருந்து அமாக்சிசிலின் 500 என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொண்டுவந்திருக்கிறேன். பல்வலி வந்தால் இரண்டு போடுவேன், அடங்கிவிடும். தப்பா?

பதில்: வெளிநாட்டவருக்கு அரசாங்கக் கட்டணம் பல மடங்கு அதிகம், லீவு போட்டால் சம்பளமும் போகும். நீங்கள் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்த மாத்திரை பல்வலிக்கு மருந்தில்லை. பல் சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் வேர் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பல்லைப் பிடுங்க வேண்டும். வலி தானாக அடங்குவது, உள்ளே நரம்பு செத்துப்போனதாலும் இருக்கலாம். இரண்டு மாத்திரையால் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் மிஞ்சிப் பெருகும். ஒரே அறையில் பலர் தங்கி ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினால் மற்றவர்களுக்கும் தொற்றலாம்.

வலிக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராமில் இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில் போடலாம். ஒரு நாளில் 8 மாத்திரையைத் தாண்டக்கூடாது. கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் முதலில் மருந்தகரிடம் கேளுங்கள். காய்ச்சலும் சேர்ந்தால் டெங்கியாக இருக்கலாம், இப்யூபுரூஃபனைத் தொடாதீர்கள். தாடை வீங்கி வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாவிட்டால் உடனே அவசரப் பிரிவு. மற்றபடி, பல் கிளினிக்கில் நாற்காலியில் உட்காருமுன் பல் பிடுங்க எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து விலையைத் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் 2025 மே 1 முதல் காட்டியாக வேண்டும்.