மூன்று வயதுப் பிள்ளைக்கு எதற்கு இரண்டு முகவரி?

கேள்வி: பல்லடம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். சொந்தமாக எட்டு விசைத்தறிகள் உண்டு. கூலிக்குத்தான் ஓட்டுகிறோம். நான் தார் போடுவேன் (தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பேன்), வரவு செலவுக் கணக்கும் பார்ப்பேன். எங்கள் மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. திருப்பூரில் பெயர் பெற்ற ஒரு மெட்ரிக் பள்ளியில், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் அவளை எல்.கே.ஜி. சேர்த்தே தீர வேண்டும் என்று கணவர் ஒரே பிடியாக இருக்கிறார். அதற்குப் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும். அந்தத் தூரத்துக்குள் என் நாத்தனார் வீடு இருக்கிறது. அங்கே நாங்கள் வாடகைக்குக் குடியிருப்பதாக ஒப்பந்தம் எழுதி, ஆதார் முகவரியையும் மாற்றிவிடலாம் என்கிறார். போன வருடம் என் மச்சாண்டார் ரசீது இல்லாமல் நன்கொடை கொடுத்துத் தன் மகனுக்கு வேறொரு பள்ளியில் இடம் வாங்கினார். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். தினமும் சாயங்காலம் மகளை மடியில் வைத்துக்கொண்டு, "உன் வீடு எங்கே அம்மணி?" என்று கேட்டு, திருப்பூர்த் தெருவின் பெயரைச் சொல்லப் பழக்குகிறார். சென்ற வாரம் மாரியம்மன் கோயிலில் பூசாரி விளையாட்டாகக் கேட்டபோதும் அந்தத் தெருவின் பெயரையே சொன்னாள். பக்கத்தில் நின்ற அவளுடைய ஆத்தாவுக்கு, என் மாமியாருக்கு, முகம் வாடிவிட்டது. பிள்ளையின் எதிர்காலத்துக்காகத்தானே செய்கிறார் என்று நினைக்கிறேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. நான் என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் மனம் ஒப்பாமல் இருப்பதுதான் சரி. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆதார் முகவரியை மாற்றவும் சம்மதிக்காதீர்கள்.

உங்கள் கணவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்தி வாரக்கணக்கில் போராடினார்கள். ஓடாத தறிகளைப் பார்த்துக்கொண்டு குடோனில் உட்கார்ந்திருந்த தகப்பன்மார்களுக்கு, நம் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வரவே கூடாது என்று தோன்றியிருந்தால் அதில் என்ன தப்பு? தறியைப் பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு விற்றவர்களை உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயத்தோடு, அண்ணன் மகனுக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற பங்காளிப் போட்டியும் சேர்ந்துகொண்டால் எப்பேர்ப்பட்டவருக்கும் நிதானம் தவறும். அவரைக் குற்றவாளிபோல் நிறுத்திப் பேசாதீர்கள்.

ஆனால் அந்தச் சாயங்காலப் பாடத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அதுதான். மூன்று வயதுப் பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியது தன் பெயர், அப்பா அம்மா பெயர், தன் வீடு. பெருமாநல்லூர் குண்டம் திருவிழாக் கூட்டத்திலோ பல்லடம் பேருந்து நிலையத்திலோ கை விட்டுப்போனால், தூக்கி வைத்துக்கொண்டு விசாரிக்கும் போலீஸ்காரர் கேட்கும் கேள்வியும் "உன் வீடு எங்கே?" என்பதுதான். அதற்கு அவள் என்ன பதில் சொல்வாள்? அவள் குடியிருக்காத தெருவில் அவளைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அதோடு முடியாது. இந்த ஒதுக்கீடு எல்.கே.ஜி.யில் தொடங்கி எட்டாம் வகுப்பு வரை. பத்து வருடம்! வீட்டைப் படம் வரையச் சொல்வார் ஆசிரியை. பக்கத்தில் உட்காரும் தோழி, "லீவில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன்" என்பாள். தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளை அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஆறு வயதில் அவளுக்குப் புரியத் தொடங்கும்: நம் வீட்டில் ஏதோ மறைக்க வேண்டியது இருக்கிறது, நம் ஊர் சொல்லக் கூடாத ஊர் என்று. உங்கள் மாமியாரின் முகம் வாடியது இதை உணர்ந்துதான். பேத்தி சொன்ன ஊரில் அவர் இல்லையே.

அடுத்து, அந்த ஒரு கிலோமீட்டருக்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். திருப்பூரில் அப்படியொரு பள்ளியைச் சுற்றி நாலு தெரு நடந்தால் லைன் வீடுகள் வந்துவிடும். தேனியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங், கைமடி வேலை பார்க்கும் பெண்களின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். சொந்த ஊரில் நிலம் இல்லை, இங்கே சொந்த வீடு இல்லை. பள்ளிக்கு அருகில் குடியிருப்பது ஒன்றுதான் அந்தத் தாயிடம் இருக்கும் பலம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் நடக்கும். அந்தக் குலுக்கலில் உங்கள் மகளின் பெயர் விழுந்தால், அந்தத் தெருவிலேயே இருக்கும் ஒரு பிள்ளைக்குக் கதவு மூடும். மச்சாண்டார் கொடுத்த நன்கொடையைவிட இது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

நன்கொடை பற்றியும் ஒரு வார்த்தை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நன்கொடை வாங்குவதைத் தடை செய்கிறது. வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைத்து வடிகட்டவும் கூடாது. எனவே உங்கள் மச்சாண்டார் செய்தது அளவுகோல் அல்ல. அவரை முந்துவதற்காக நீங்கள் ஓட வேண்டியதும் இல்லை.

"நமக்கும் அந்த ஒதுக்கீட்டில் உரிமை இருக்கிறதே" என்று உங்கள் கணவர் கேட்கலாம். இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு பிரிவுகள். ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவானவர்கள் நலிவடைந்த பிரிவு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், ஆதரவற்ற குழந்தைகள் போன்றோர் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு. இந்தப் பிரிவில் வருமானம் பார்ப்பதில்லை, சாதிச் சான்றிதழ் போதும். ஆனால் அந்த உரிமை நீங்கள் உண்மையில் குடியிருக்கும் வீட்டைச் சுற்றித்தான். உங்கள் கிராமத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் நர்சரி பள்ளியோ மெட்ரிக் பள்ளியோ இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பல்லடம் சுற்றுவட்டாரத்தில் தோட்டங்களுக்கு நடுவே அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய இருக்கின்றன. இருந்தால் உண்மையான முகவரியிலேயே விண்ணப்பியுங்கள். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் இணையத்தில் விண்ணப்பம் வாங்குவார்கள். 2025இல் மத்திய, மாநில அரசுகளின் நிதிச் சிக்கலால் அக்டோபர்வரை இழுத்தது. அதனால் இதை ஒரு வாய்ப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முழுத் திட்டத்தையும் இதன்மேல் கட்டாதீர்கள்.

இன்னொன்று, குடும்பத்துக்குள் நடப்பது. பொய்யான வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுக்காரராகக் கையெழுத்துப் போடப்போவது உங்கள் நாத்தனார் குடும்பம். இன்று பாசத்தில் போட்டுவிடுவார்கள். நாளைக்குச் சொத்துப் பங்கீட்டிலோ சீர் விஷயத்திலோ மனக்கசப்பு வந்தால், அந்தக் காகிதம் யாருக்காவது ஆயுதம் ஆகும். ரேஷன் கார்டு ஊரில், வாக்காளர் அட்டை ஊரில், ஆதார் மட்டும் திருப்பூரில் என்றால் ஒரு மொட்டைக் கடிதமே போதும், சேர்க்கை ரத்தாகிவிடும். தெரிந்தே பொய் ஆவணம் கொடுப்பது குற்றம் என்பது தனி. நாலாம் வகுப்பின் நடுவில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினால் அவமானம் யாருக்கு?

பள்ளியின் பெயரை நம்பிப் பெற்றோர் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதைக் கொங்கு நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளுக்கு வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நிலத்தை அடமானம் வைத்தார்கள். தாய் வாடகை வீட்டில், தகப்பன் ஊரில் என்று பிரிந்து இருந்தார்கள். எல்லாம் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காக. 2017இல் முதலிடம் இரண்டாமிடம் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. அதே ஆண்டு மருத்துவச் சேர்க்கைக்கு நீட் வந்தது. அந்த மதிப்பெண்ணை மட்டும் நம்பியவர்களின் கணக்கு ஒரே வருடத்தில் மாறிப்போனது. உங்கள் மகள் பிளஸ் டூ முடிக்க இன்னும் பதினான்கு வருடம் இருக்கிறது.

2020இல் இன்னொரு மாற்றமும் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சேர இன்று ஒரு விவசாயக் கூலியின் மகளுக்கு வழி இருக்கிறது என்றால் அது அரசுப் பள்ளி வழி. உயர்கல்விக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. இதையெல்லாம் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவர் கணக்குத் தெரிந்தவர், யோசிப்பார்.

அதற்காக, கண்ணை மூடிக்கொண்டு ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளிகள் நம் கிராமங்களில் நிறைய. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்றுதான் சட்டமே சொல்கிறது. ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். அந்தக் குறையை நான் மறைக்கப்போவதில்லை. ஆகவே நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலைநாள் காலையில், தறியை ஆளிடம் விட்டுவிட்டு, ஊர்ப் பள்ளிக்குப் போய் வாருங்கள். தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். பெண் குழந்தைக்கு இது சின்ன விஷயம் அல்ல. இதே சோதனையைப் பக்கத்துத் தனியார் பள்ளியிலும் செய்யுங்கள். சுவர் ஓவியத்தையும் டை கட்டிய பிள்ளைகளையும் பார்த்து மயங்க வேண்டாம். அங்கே படிப்பு நன்றாக இருந்து, அரசு நிர்ணயித்த கட்டணம் உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்றால், ரசீது வாங்கிக்கொண்டு கட்டிச் சேர்த்துவிடுங்கள். அதில் தவறே இல்லை.

ஊர்ப் பள்ளியில் சேர்த்தால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். தார் போட்டுக்கொண்டே கணக்கும் பார்க்கும் உங்களைப் போன்ற ஒரு தாய் அங்கே உட்கார்ந்து, ஆசிரியர் காலியிடம் ஏன் நிரப்பப்படவில்லை என்று தீர்மானம் போட்டு எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு.

திருப்பூர்ப் பள்ளிதான் வேண்டும் என்று கணவர் அப்போதும் நின்றால், ஒரே நேர்மையான வழிதான் இருக்கிறது: உண்மையாகவே அங்கே குடிபோவது. நீங்கள் போய்விட்டால் தார் போட ஆள் வைக்க வேண்டும், அதற்குக் கூலி. அங்கே வாடகை, முன்பணம். அவர் தினமும் இங்கும் அங்கும் அலைய வேண்டும், இல்லையென்றால் மகள் அப்பாவை ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். வாய்வார்த்தையாகப் பேசினால் சண்டை வரும், எண்களாக எழுதினால் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பீர்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் நாத்தனாரிடம் பேசுங்கள். உங்கள் கணவர் முத்திரைத்தாள் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுப் படியேறும் முன் பேசிவிடுவது நல்லது. தம்பியின் முகத்துக்காக மறுக்க முடியாமல் அவரும் தவித்துக்கொண்டிருக்கலாம். "அக்கா, இந்தக் கையெழுத்து வேண்டாம், நான் அவரிடம் சொல்லிக்கொள்கிறேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.