செயற்கைக்கோளின் நீராவிப் படம் வறட்சி என்கிறது, அதே நேரத்து வானிலைப் பலூன் ஈரம் என்கிறது. எதை நம்புவது?

இரண்டுமே சரிதான். நீங்கள் பார்த்தது 6.2 மைக்ரான் அகச்சிவப்புப் படமாக இருக்கும். அந்த அலைநீளத்தை நீராவி அப்படி விழுங்குவதால், கீழடுக்குக் கதிர் மேலே வந்து சேராது. எட்டுவது பெரும்பாலும் 500 முதல் 200 ஹெக்டோபாஸ்கல் வரையிலான அடுக்கு (காற்றழுத்தத்தில் சொன்ன உயரம்; மேலே போகப் போக எண் குறையும்). நீராவியின் பெரும்பகுதியோ தரையிலிருந்து 2, 3 கிலோமீட்டருக்குள்; பலூன் அதையும் அளக்கிறது. கீழே கொஞ்சம் எட்டிப் பார்க்க 7.3 மைக்ரானைத் திறவுங்கள். ஹிமவாரி, மீட்டியோசாட் வானிலைச் செயற்கைக்கோள்கள் இரண்டிலும் உண்டு.

படத்தில் இருப்பது வெப்பநிலை, நீராவியின் அளவு அல்ல. மேலடுக்கு வறண்டால் பார்வை கீழே, சூடான அடுக்குக்கு இறங்கும், எண் ஏறும். 6.2-இல் 1 கெல்வின் ஏறினால் மேலடுக்கின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும்: 30 சதவீதம் 27 ஆகும். "6.2 என்றால் 350 ஹெக்டோபாஸ்கல்" என்று படத்தின் மேலேயே அச்சடித்து, வண்ண அளவுகோலைப் போடாமல் விடுகிறார்களே, அவர்களை என்ன சொல்ல! அந்த உயரம் ஈரத்தைப் பொறுத்து நகரும், கோணத்தைப் பொறுத்தும். பார்வைக் கோணம் செங்குத்திலிருந்து 60 பாகையானால் பாதை இரட்டிப்பு. படத்தின் விளிம்பில் எல்லாம் செயற்கையாகக் குளிர்ந்து தெரியும். திபெத் போன்ற உயர்ந்த நிலத்தில், குளிர்கால வறட்சியில், 7.3 தரையையே காட்டிவிடும்.

6.2-இல் 230 கெல்வினுக்குக் கீழே கண்டால் முதலில் மேகத்தைச் சந்தேகியுங்கள். நீராவி அதிகம் விழுங்காத 11 மைக்ரான் எண்ணும் அதை ஒட்டியே வந்தால் அடர்ந்த உயர்மேகம். ஈரப்பதக் கணக்கிலிருந்து அந்தப் பிக்சலை நீக்குங்கள். மெல்லிய மேகமென்றால் 183.31 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை ஊடுருவும்: அதன் மையத்திலிருந்து ±1 கிகாஹெர்ட்ஸ் மேலடுக்கு, ±7 கீழடுக்கு. பனித்துகள் நிறைந்த இடிமேகத்தில் அதுவும் ஏமாற்றும்.

பலூனோடு ஒப்பிடும்போது மட்டத்துக்கு மட்டம் கழிக்காதீர்கள். செயற்கைக்கோள் கதிரிலிருந்து கணித்த ஈரப்பதக் கோப்பில் 100 மட்டம் இருக்கலாம். சராசரிக் கெர்னலின் (ஒவ்வொரு மட்டத்தின் விடையும் எந்தெந்த மட்டத்தின் உண்மை நிலையைச் சார்ந்தது என்று சொல்லும் அணி) மூலைவிட்டக் கூட்டுத்தொகை 4 என்றால் கையில் இருப்பது 4 தகவல்தான். பலூன் அளவிலிருந்து முன்னனுமானத்தை (கணிப்பு தொடங்கிய ஊக மதிப்பை) கழித்து, கெர்னலால் பெருக்கி, முன்னனுமானத்தை மறுபடி கூட்டுங்கள். கெர்னல் மடக்கை அளவில் தரப்பட்டிருந்தால் இரண்டையும் மடக்கைக்கு மாற்றிய பிறகு. கெர்னலின் வரிசைக் கூட்டுத்தொகை 0-ஐ நெருங்கும் மட்டத்தில் நீங்கள் பார்ப்பது முன்னனுமானத்தையே, செயற்கைக்கோளை அல்ல.

கதிர் காற்றைக் கடக்கும் விதத்தைச் சொல்லும் கதிர்ப்பரவல் சமன்பாட்டைத் தீர்க்காமல் இப்படிப் பேசலாமா என்று ஒருவர் வரத்தான் செய்வார். தீர்க்க வசதி உள்ளவர் தீர்க்கட்டும். இது படத்தைக் கண்ணால் படிப்பவருக்கு. பலூனையும் தலையில் தூக்கி வைக்க வேண்டாம்: 300 ஹெக்டோபாஸ்கல் உயரத்துக்கு மேலே குளிரில் அதன் ஈரப்பத உணரி மந்தமாகும், பகல் வெயிலில் சூடேறி இல்லாத வறட்சியைக் காட்டும்.